ரத்தக் கொழுப்பும் மாரடைப்பு அபாயமும்: சேலம் பல்கலைக்கழக ஊழியர்களுக்கு முழுமையான வழிகாட்டி

மொத்தக் கொலஸ்ட்ரால் 198. 'நல்ல கொழுப்பு' எனப்படும் எச்.டி.எல். 34. ரத்தத்தில் ஓடும் இன்னொரு வகைக் கொழுப்பான ட்ரைகிளிசரைடு 240. வளாக ரத்தப் பரிசோதனை முகாமில் இப்படி ஒரு தாள் கைக்கு வந்தால் பெரும்பாலோர் முதல் வரியைத்தான் பார்ப்பார்கள். 200-க்குக் கீழே இருக்கிறது, பக்கத்தில் நட்சத்திரக் குறியும் இல்லை. மடித்துச் சட்டைப்பையில் வைத்துவிட்டு செக்‌ஷனுக்குப் போய்விடுவார்கள். ஆனால் மற்ற இரண்டு வரிகளையும் சேர்த்துப் படித்தால், 46 வயதுக்காரர் ஒருவர் அன்றே மருத்துவரைப் பார்த்துப் பேசவேண்டிய தாள் அது.

நம் பக்கத்தில் கொழுப்புக் கோளாறு பெரும்பாலும் இந்த உருவத்தில்தான் வருகிறது. தமிழ்நாடு, மகாராஷ்டிரம், ஜார்க்கண்ட், சண்டிகர் ஆகிய நான்கு இடங்களில் ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) நடத்திய 'இந்தியாப்' (INDIAB) என்ற ஆய்வின் முதல் கட்ட முடிவு 2014-இல் வெளியானது. பரிசோதிக்கப்பட்டவர்களில் 79 சதவீதம் பேருக்குக் கொழுப்பு அளவுகளில் ஏதாவது ஒன்று தவறியிருந்தது. எச்.டி.எல். குறைவாக இருந்தவர்கள் 72 சதவீதம், ட்ரைகிளிசரைடு கூடியவர்கள் 29 சதவீதத்துக்கு மேல். மொத்தக் கொலஸ்ட்ரால் கூடியிருந்தவர்களோ 14 சதவீதம்தான். மொத்தக் கொலஸ்ட்ராலை மட்டும் பார்த்து 'நார்மல்' என்று சொல்லும் பழக்கம் எத்தனை பேரைத் தவறவிடுகிறது என்பது இதிலேயே தெரிகிறது.

வயதுக் கணக்கும் நமக்குச் சாதகமாக இல்லை. 52 நாடுகளில் நடந்து 2004-இல் வெளியான இன்டர்ஹார்ட் ஆய்வில், தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு வந்த சராசரி வயது 53. மற்றவர்களுக்கு அதைவிட ஐந்தாறு ஆண்டு கழித்துத்தான் வந்தது. ஓய்வுபெறும் வயதுக்கு முன்பே வந்து நிற்கிற நோய் இது.

யாருக்கு எங்கே இடர்

பல்கலைக்கழகம் என்றால் பேராசிரியர் மட்டும் இல்லை. கோப்பு பார்க்கும் உதவியாளர், தேர்வுப் பிரிவுக்காரர், நூலகர், ஆய்வக உதவியாளர், பேருந்து ஓட்டுநர், இரவுக் காவலர், விடுதிச் சமையல்காரர், ஒப்பந்தத்தில் வரும் துப்புரவுப் பணியாளர் எல்லோரும் சேர்ந்ததுதான் வளாகம். கடைசியாகச் சொன்ன மூவரும் பெரும்பாலும் முகாம் பட்டியலில் இருப்பதில்லை. காலையில் ரத்தம் எடுக்கும் நேரத்தில் காவலர் இரவுப் பணி முடிந்து வீட்டுக்குக் கிளம்பியிருப்பார், சமையல்காரர் இட்லிப் பானை முன்னால் நிற்பார்.

உட்கார்ந்து செய்யும் வேலையின் விலை புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்டதும் இல்லை. லண்டனின் மாடிப் பேருந்துகளில் நாள் முழுக்க உட்கார்ந்திருந்த ஓட்டுநர்களுக்கு, படியேறி இறங்கிக்கொண்டிருந்த நடத்துநர்களைவிட இதயநோய் அதிகம் என்று ஜெர்ரி மோரிஸ் குழு 1953-இலேயே காட்டியது. அதே ஆய்வில் தபால்காரர்களையும் மேசை எழுத்தர்களையும் ஒப்பிட்டபோதும் இதே பாங்குதான் தெரிந்தது. விடைத்தாள் திருத்தும் முகாம் நடக்கும் வாரங்களை நினைத்துக்கொள்ளுங்கள்: காலை முதல் மாலை வரை ஒரே நாற்காலி, இரண்டு வேளை டீ, இரண்டு வேளை வடை.

முதல் படி: ரத்தம் கொடுப்பதற்கு முன்

வெறும் வயிறு கட்டாயமா என்ற கேள்வி எப்போதும் வரும். முதல் பரிசோதனைக்குக் கட்டாயம் இல்லை. சாப்பிட்ட பிறகு எடுத்தாலும் மொத்தக் கொலஸ்ட்ராலும் எச்.டி.எல்.லும் அதிகம் மாறாது, ட்ரைகிளிசரைடுதான் ஏறும். சாப்பிட்டு எடுத்த ரத்தத்தில் ட்ரைகிளிசரைடு 400-ஐத் தாண்டினால் வெறும் வயிற்றில் மறுபடி எடுக்கவேண்டும். சர்க்கரையும் சேர்த்துப் பார்ப்பதாக இருந்தால் 10 முதல் 12 மணி நேரம் சாப்பிடாமல் வருவது வசதி. தண்ணீர் குடிக்கலாம். சர்க்கரை போடாத டீதானே என்று குடித்துவிட்டு வந்தால் வெறும் வயிறு ஆகாது, அதில் பால் இருக்கிறது.

தாளின் எண்களைக் கெடுப்பவை வேறு. காய்ச்சல், அறுவை சிகிச்சை, மாரடைப்பு இவற்றுக்குப் பிந்திய வாரங்களில் 'கெட்ட கொழுப்பு' எனப்படும் எல்.டி.எல். பொய்யாகக் குறைந்து காட்டும். குணமாகிக் குறைந்தது ஒரு மாதம் கழித்து எடுங்கள். கர்ப்ப காலத்தில் எல்லாமே ஏறியிருக்கும். முந்தைய இரவு மது அருந்தியிருந்தால் ட்ரைகிளிசரைடு எகிறும். சனி ஞாயிறு கல்யாண விருந்து முடிந்து திங்கட்கிழமை முகாமுக்கு வந்தவர் தாளையும் அப்படியே நம்பக்கூடாது.

முகாம் நடத்துபவர்களுக்கு ஒரு சில. ஆளை ஐந்து பத்து நிமிடம் உட்காரவைத்துவிட்டு எடுங்கள். நின்றுகொண்டிருந்தவருக்கு ரத்தம் அடர்ந்து கொழுப்பு அளவு கூடிக் காட்டும், கையில் கட்டிய ரப்பர் பட்டையை ஒரு நிமிடத்துக்கு மேல் இறுக்கி வைத்தாலும் அப்படியே. கொழுப்புக்கு மஞ்சள் மூடி ஜெல் குழாய், சர்க்கரைக்குச் சாம்பல் மூடி ஃபுளோரைடு குழாய். மஞ்சள் குழாயை அரை மணி நேரம் உறையவிட்டு, இரண்டு மணி நேரத்துக்குள் சுழற்றிப் பிரித்துவிடவேண்டும். சேலத்து ஏப்ரல் வெயிலில் பெட்டியில் வைத்தபடியே மதியம் வரை வைத்திருந்தால் சர்க்கரை அளவு நம்பத்தக்கதாக இராது. காவலர்களுக்கும் சமையல்காரர்களுக்கும் அவர்கள் பணி மாறும் நேரத்தில் தனியாக ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். முடிவுத் தாளை ஒட்டிய உறையில் அவரவர் கையில் கொடுங்கள். பிரிவுத் தலைவர் மேசையில் மொத்தமாகக் குவித்தால் அடுத்த ஆண்டு பாதிப் பேர் வரமாட்டார்கள்.

ஒரே முறை எடுத்த எண்ணை வேதவாக்காக எடுத்துக்கொள்ளவும் வேண்டாம். ஒரே ஆளுக்கு நாளுக்கு நாள் எல்.டி.எல். 8 முதல் 10 சதவீதமும் ட்ரைகிளிசரைடு 20 சதவீதம் வரையும் இயல்பாகவே ஏறி இறங்கும். எனவே வாழ்நாள் முழுவதற்குமான முடிவு எதையும் எடுக்குமுன் சில வாரங்கள் இடைவெளி விட்டு இரண்டாவது முறை எடுத்துப் பார்ப்பதே முறை.

இரண்டாம் படி: தாளை நீங்களே கணக்குப் போடுங்கள்

தொடக்கத்தில் சொன்ன தாளை மறுபடி எடுத்துக்கொள்வோம். மொத்தம் 198-இலிருந்து எச்.டி.எல். 34-ஐக் கழித்தால் 164. இதற்குப் பெயர் நான்-எச்.டி.எல். ரத்தக்குழாய்ச் சுவருக்குள் நுழைந்து படியக்கூடிய எல்லாத் துகள்களிலும் இருக்கும் கொலஸ்ட்ரால் இந்த ஒரு எண்ணில் அடங்கிவிடுகிறது. வெறும் வயிறு தேவையில்லை, தனிச் செலவும் இல்லை, ஒரு கழித்தல் கணக்குதான். ஆனாலும் பல பரிசோதனைத் தாள்களில் இது அச்சாகவே இல்லை.

எல்.டி.எல். என்று அச்சாகியிருப்பது பெரும்பாலும் அளந்தது இல்லை, கணக்கிட்டது. ஃப்ரீட்வால்ட் என்பவர் பெயரில் 1972 முதல் புழங்கும் சூத்திரம்: மொத்தக் கொலஸ்ட்ராலிலிருந்து எச்.டி.எல்.லையும், ட்ரைகிளிசரைடை ஐந்தால் வகுத்து வந்ததையும் கழிக்கவேண்டும். நம் தாளில் 198 - 34 - 48 = 116. ட்ரைகிளிசரைடு 400-க்கு மேலிருந்தால் இந்தச் சூத்திரம் உதவாது. 200-ஐத் தாண்டினாலே கொஞ்சம் தடுமாறும், உண்மையைவிடக் குறைத்துக் காட்டும். அந்த நிலையில் நான்-எச்.டி.எல்.லை நம்புங்கள், அல்லது நேரடி எல்.டி.எல். அளக்கச் சொல்லுங்கள்.

எத்தனை இருந்தால் சரி? இந்திய இதயவியல் சங்கம் 2024-இல் வெளியிட்ட வழிமுறைப்படி, பெரிய அபாயம் எதுவும் இல்லாதவருக்கு எல்.டி.எல். 100-க்குக் கீழ், நான்-எச்.டி.எல். 130-க்குக் கீழ். அபாயம் கூடியவருக்கு 70, 100. ஏற்கெனவே மாரடைப்போ பக்கவாதமோ வந்தவர்போன்ற மிக அதிக அபாயக்காரருக்கு 55, 85. ட்ரைகிளிசரைடு எல்லோருக்கும் 150-க்குக் கீழ். எச்.டி.எல். ஆணுக்கு 40-க்கு மேல், பெண்ணுக்கு 50-க்கு மேல். இவையெல்லாம் டெசிலிட்டருக்கு மில்லிகிராம் கணக்கு. வெளிநாட்டு அட்டவணையில் 5.2 என்பதுபோல எண் இருந்தால் அது வேறு அலகு: கொலஸ்ட்ராலை 38.7-ஆலும் ட்ரைகிளிசரைடை 88.6-ஆலும் பெருக்கினால் நம் அலகு வரும்.

இப்போது பாருங்கள். 198 என்று 'நார்மல்' முத்திரை வாங்கிய தாளில் நான்-எச்.டி.எல். இலக்கைவிட 34 அதிகம்.

எச்.டி.எல். பற்றி ஒரு வார்த்தை. 'நல்ல கொழுப்பு' என்ற பெயர் அதற்குத் தேவையில்லாத மரியாதையைக் கொடுத்துவிட்டது. அது குறைந்திருப்பது எச்சரிக்கை விளக்கு. ஆனால் நியாசின் போன்ற மருந்தால் அதை ஏற்றிப் பார்த்த பெரிய ஆய்வுகளில் மாரடைப்பு குறையவில்லை. விளக்கை அணைப்பதால் என்ன பயன், எரிய வைத்த காரணத்தைத்தான் சரிசெய்யவேண்டும். தொப்பை, அசையாத உடம்பு, புகை, சர்க்கரை நோய் ஆகியவை அந்தக் காரணங்கள்.

மூன்றாம் படி: வேறு நோய் ஒளிந்திருக்கிறதா

38 வயதுப் பெண் ஒருவருக்கு மொத்தம் 262, எச்.டி.எல். 52, ட்ரைகிளிசரைடு 110 என்று வைத்துக்கொள்வோம். எல்.டி.எல். 188. உடனே மாத்திரை எழுதுவது தவறு. முதலில் தைராய்டுக்கான டி.எஸ்.எச். பார்க்கவேண்டும். தைராய்டு சுரப்பு குறைந்தால் எல்.டி.எல். இப்படித்தான் ஏறும், தைராய்டைச் சரிசெய்ததும் பெருமளவு தானாகவே இறங்கும். தைராய்டு குறைபாட்டைக் கவனிக்காமல் ஸ்டாடின் என்ற கொழுப்பு குறைக்கும் மாத்திரையைக் கொடுத்தால் தசைவலியும் சேர்ந்துகொள்ளலாம்.

இதோடு எச்.பி.ஏ.1சி. என்ற மூன்று மாதச் சராசரிச் சர்க்கரைப் பரிசோதனை (5.7 முதல் 6.4 வரை சர்க்கரைக்கு முந்தைய நிலை, 6.5-லிருந்து சர்க்கரை நோய்), சிறுநீரகத்துக்கான கிரியாட்டினின், சிறுநீரில் புரதம், கல்லீரல் பரிசோதனை ஆகியவற்றையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். சாப்பிடும் மருந்துப் பட்டியலையும் எடுத்துச் செல்லுங்கள். ஸ்டீராய்டு, முகப்பருவுக்கான ஐசோட்ரெட்டினாயின், சில மனநல மருந்துகள், பழைய வகை பி.பி. மருந்துகள் சில கொழுப்பை மாற்றும்.

எல்.டி.எல். 190-க்கு மேல் என்றால் பேச்சே வேறு. அது பரம்பரை உயர்கொலஸ்ட்ராலாக இருக்கலாம். ஏறக்குறைய 250 முதல் 300 பேரில் ஒருவருக்கு இருக்கும். குதிகால் தசைநாண் தடித்திருப்பது, கண்ணிமையில் மஞ்சள் திட்டு, 45 வயதுக்குள் கருவிழியைச் சுற்றி வெள்ளை வளையம், குடும்பத்தில் இளவயது மரணம் ஆகியவை துப்புகள். அக்கா மகள், மாமன் மகள், அத்தை மகன் என்று சொந்தத்தில் கட்டுவது நம் பக்கத்தில் இன்னும் இருக்கிறது. பெற்றோர் இருவரிடமும் இந்த மரபணு இருந்து குழந்தைக்கு இரண்டும் சேர்ந்துவிட்டால், பள்ளிக்கூட வயதிலேயே எல்.டி.எல். 400, 500 என்று நிற்கும். ஒருவருக்குக் கண்டுபிடித்தால் அண்ணன் தம்பி, அக்கா தங்கை, பிள்ளைகள் அத்தனை பேருக்கும் பரிசோதனை அவசியம்.

ரத்தக்குழாயில் படியும் இன்னொரு கொழுப்புத் துகளான லிப்போபுரதம்-ஏ பரிசோதனையை வாழ்நாளில் ஒருமுறை எடுத்தால் போதும். அது பிறப்பிலேயே தீர்மானமாவது, உணவால் மாறாது. 50 மில்லிகிராமைத் தாண்டினால் மற்ற எல்லா அபாயங்களையும் கூடுதல் கண்டிப்போடு கட்டுப்படுத்தவேண்டும்.

நான்காம் படி: கொழுப்பு மட்டும் அபாயம் ஆகாது

உலக சுகாதார நிறுவனம் 2019-இல் புதுப்பித்த அபாய அட்டவணையில் தெற்காசியாவுக்குத் தனிப் பக்கம் உண்டு. 40 முதல் 74 வயது வரை பயன்படும். வேண்டியவை ஆறு: வயது, ஆணா பெண்ணா, புகைப்பவரா, சர்க்கரை உண்டா, மேல் ரத்தஅழுத்தம் எவ்வளவு, மொத்தக் கொலஸ்ட்ரால் எவ்வளவு. கட்டத்தில் வரும் எண், அடுத்த 10 ஆண்டில் மாரடைப்போ பக்கவாதமோ வரும் வாய்ப்பு. 5-க்குக் கீழ் குறைவு, 5 முதல் 20 வரை கவனிக்கவேண்டியது, 20-ஐத் தாண்டினால் அதிகம். ரத்தப் பரிசோதனையே எடுக்காதவருக்குக் கொலஸ்ட்ராலுக்குப் பதில் பி.எம்.ஐ. (உயரத்துக்கேற்ற எடைக் குறியீடு) போட்டுப் பார்க்கும் இன்னொரு அட்டவணையும் இருக்கிறது.

ரத்தஅழுத்தத்தை ஒழுங்காக அளக்காவிட்டால் இந்தக் கணக்கு முழுவதும் பாழ். ஐந்து நிமிடம் முதுகு சாய்த்து உட்காரவேண்டும், கை இதய மட்டத்தில் மேசைமேல், அரை மணி நேரத்துக்குள் காபியோ பீடியோ கூடாது, பேசக்கூடாது, இரண்டு முறை எடுத்துச் சராசரி. மாடிப்படி ஏறி மூச்சு வாங்கிக்கொண்டு வந்தவரின் கையில் பட்டையைச் சுற்றுவதுதான் முகாம்களில் சாதாரணமாக நடக்கும் தவறு.

அட்டவணைக்குக் கண் தெரியாத சில உண்டு: குடும்ப வரலாறு (அப்பாவுக்கோ அண்ணனுக்கோ 55-க்குள், அம்மாவுக்கோ அக்காவுக்கோ 65-க்குள் மாரடைப்பு), இடுப்புச் சுற்றளவு, ட்ரைகிளிசரைடு, லிப்போபுரதம்-ஏ. இடுப்பை டேப் வைத்து அளங்கள். தொப்புள் மட்டத்துக்குச் சற்று மேலே, கடைசி விலாவுக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில், மூச்சை விட்டபடி. ஆணுக்கு 90 சென்டிமீட்டர், பெண்ணுக்கு 80. பேன்ட் அளவு வேறு, இது வேறு. தொப்பைக்குக் கீழே பேன்ட் போடுபவருக்கு 34 அங்குலம் எப்போதும் 34 அங்குலமாகவே இருக்கும். இவற்றில் ஏதாவது இருந்தால் அட்டவணை சொன்னதைவிட ஒரு படி மேலே இருப்பதாக எண்ணிக்கொள்வது நல்லது. மருந்து தொடங்கலாமா வேண்டாமா என்று நடுவில் நிற்பவருக்கு, இதயக்குழாய்ச் சுண்ணாம்பை அளக்கும் சி.டி. ஸ்கேன் முடிவெடுக்க உதவும்.

இ.சி.ஜி. நார்மல் என்பதால் குழாய் சுத்தம் என்று ஆகாது. வலியில்லாத நேரத்தில் எடுத்த இ.சி.ஜி. பெரும்பாலும் நார்மலாகவே இருக்கும். பாதிக்குமேல் அடைக்காத படிமம்கூடத் திடீரென்று கிழிந்து, அதன்மேல் ரத்தம் உறைந்து குழாயை மூடிவிடும். மாஸ்டர் செக்கப்பில் டிரெட்மில் ஓடி ஜெயித்தவருக்கு மறுமாதம் மாரடைப்பு வருவதன் காரணம் இதுதான்.

ஐந்தாம் படி: சாப்பாடு

கொழுப்பு என்றதும் நம் ஆட்கள் முட்டையை நிறுத்துவார்கள். நாளுக்கு ஒரு முட்டையால் பெரும்பாலோருக்குக் கெடுதல் இல்லை. குறைந்த எச்.டி.எல்., கூடிய ட்ரைகிளிசரைடு என்ற நம்மூர்ச் சேர்க்கையை உண்டாக்குவது பெரும்பாலும் மாவுச்சத்தும் சர்க்கரையும். மிகுதியாக வரும் மாவுச்சத்தைக் கல்லீரல் ட்ரைகிளிசரைடாக மாற்றி ரத்தத்தில் அனுப்புகிறது.

கணக்கைப் பாருங்கள். நாளுக்கு நாலு டீ, ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்பூன் சர்க்கரை என்றால் எட்டு ஸ்பூன், 35 முதல் 40 கிராம். சேர்க்கும் சர்க்கரையை 25 கிராமுக்குள் நிறுத்துவது நல்லது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. டீயிலேயே அது தாண்டிவிட்டது. ஓமலூர்ப் பக்கத்து வெல்லமோ நாட்டுச் சர்க்கரையோ போட்டாலும் கல்லீரலுக்கு அது சர்க்கரைதான்.

ஜவ்வரிசி சேலத்தின் பெருமை, 2023-இல் புவிசார் குறியீடும் பெற்றது. ஆனால் நூறு கிராமில் 85 கிராமுக்கு மேல் மாவுச்சத்து, புரதம் ஒரு கிராம்கூடத் தேறாது. விரதத்துக்கு ஜவ்வரிசிக் கஞ்சி குடிப்பது வயிற்றுக்கு இதமாக இருக்கலாம், ட்ரைகிளிசரைடு 300 இருப்பவருக்கு அது விரதம் ஆகாது. தட்டுவடை செட்டைப் பொறுத்தவரை, உள்ளே இருக்கும் பீட்ரூட்டும் காரட்டும் வெங்காயமும் நல்லவை. சிக்கல் இரண்டு பக்கமும் இருக்கும் வடையில்தான். மாதம் ஓரிரு முறை சாப்பிட்டால் ஒன்றும் ஆகிவிடாது. தினம் மாலை ஐந்து மணிக்கு என்றால் ஆகும்.

மதியத் தட்டில் பாதி காய், கால் பங்கு பருப்பு, பயறு, மீன், முட்டை, கோழி இவற்றில் ஒன்று, கால் பங்கு சோறு. டிபன் பாக்ஸில் இதைச் செய்வது எளிது: சோற்றுக்குச் சின்ன டப்பா, பொரியலுக்குப் பெரிய டப்பா. பழைய பாக்ஸை அப்படியே தலைகீழாக மாற்றிக்கொண்டால் போதும்.

கொங்குச் சமையலில் ஒரு வரப்பிரசாதம் கொள்ளு. கொள்ளுப் பருப்பு, கொள்ளு ரசம், கொள்ளுத் துவையல் வாரம் நாலு நாள் வரட்டும். கரையும் நார்ச்சத்து நாளுக்கு 5 முதல் 10 கிராம் கூடினால் எல்.டி.எல். ஏறக்குறைய 5 சதவீதம் இறங்கும். கொள்ளு, வெந்தயம், ஓட்ஸ், கொய்யா, அவரை, கத்தரி எல்லாம் அதற்கு உதவும். கம்பங்கூழ், ராகிக்களி, சாமைச்சோறு நல்லவைதான், ஆனால் சோற்றுக்குப் பதிலாக; சோற்றோடு சேர்த்து அல்ல. மீனில் மத்தி, கானாங்கெளுத்தி இரண்டிலும் ஒமேகா-3 அதிகம். மேட்டூர் அணை மீன் ருசியானது, புரதம் உள்ளது, ஒமேகா-3 மட்டும் கடல் மீன் அளவுக்கு இருக்காது. எந்த மீனானாலும் எண்ணெயில் முக்கிப் பொரித்தால் வாதாடுவதில் அர்த்தம் இல்லை.

எண்ணெய்க்கு வருவோம். உறைகொழுப்பு (நிறைவுற்ற கொழுப்பு) தேங்காய் எண்ணெயில் 90 சதவீதம், நெய்யில் 60-க்கு மேல், ரேஷன் கடை பாமாயிலில் 45 அளவில், கடலை எண்ணெயில் 18 முதல் 20, நல்லெண்ணெயில் 15 அளவில். எல்.டி.எல்.லை ஏற்றுவது இந்த உறைகொழுப்புதான். பாமாயில் லிட்டர் 25 ரூபாய்க்குக் கிடைக்கும்போது குறைந்த சம்பளக்காரரிடம் வாங்காதே என்று சொல்வது நியாயமாகாது. தாளிப்புக்குப் பாமாயிலில் பாதி, கடலை எண்ணெயில் பாதி என்று வைத்துக்கொண்டு மொத்த அளவைக் குறைப்பது நடக்கக்கூடிய காரியம். ஆளுக்கு மாதம் அரை லிட்டர், நாலு பேர் வீட்டுக்கு இரண்டு லிட்டர், அவ்வளவுதான். செக்கில் ஆட்டியது என்பதால் அளவு கூடலாம் என்று ஆகாது. பாக்கெட்டில் 'கொலஸ்ட்ரால் இல்லாதது' என்று போடுவது வேடிக்கை. எந்தத் தாவர எண்ணெயிலும் கொலஸ்ட்ரால் இருக்காது. வனஸ்பதியில் வரும் டிரான்ஸ் கொழுப்பை 2022 ஜனவரியிலிருந்து 2 சதவீதத்துக்குள் அரசு கட்டுப்படுத்திவிட்டது. ஆனாலும் பேக்கரி பப்ஸும், திரும்பத் திரும்பக் காய்ச்சிய எண்ணெயில் போட்ட பஜ்ஜியும் தள்ளிவைக்கவேண்டியவையே.

சேர்வராயன் மலைக் காபி குடிப்பவர்கள் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. காபிக் கொட்டையின் எண்ணெயில் கஃபெஸ்டால் என்ற பொருள் எல்.டி.எல்.லை ஏற்றும், ரொபஸ்டாவைவிட அராபிகாவில் அதிகம். காகித வடிகட்டி அதைப் பிடித்துக்கொள்ளும், நம் பித்தளை எவர்சில்வர் ஃபில்டர் அவ்வளவாகப் பிடிக்காது. தூளைத் தண்ணீரில் கொதிக்கவிட்டு வடிப்பதுதான் மோசம். நாளுக்கு இரண்டு டம்ளர் டிகாஷன் காபியைப் பற்றி யாரும் கவலைப்படவேண்டாம். ஐந்தாறு டம்ளர் குடித்துக்கொண்டே எல்.டி.எல். ஏன் இறங்கவில்லை என்று கேட்பவர் ஒரு மாதம் காகித ஃபில்டருக்கு மாறிப் பார்க்கலாம்.

ஆறாம் படி: நடை, புகை, எடை

வாரம் 150 நிமிடம் வேகநடை. பாட முடியாது, பேச முடியும் என்ற வேகம். நிமிடத்துக்குச் சுமார் 100 எட்டு. ஒரே மூச்சில் முடியாவிட்டால் மதியச் சாப்பாட்டுக்குப் பின் வளாகத்துக்குள்ளேயே 10 நிமிடம், காலை மாலை பத்துப் பத்து நிமிடம். சாப்பிட்டபின் நடப்பதில் தனி லாபம் உண்டு, அந்த வேளையின் சர்க்கரை ஏற்றம் தணியும். காந்தி மைதானத்தில் காலை நடை முடித்து, நேரே மெதுவடைக் கடைக்குப் போகும் வழக்கத்தை மட்டும் விட்டுவிடுங்கள். வாரம் இரண்டு நாள் தசைக்கு வேலை: நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுந்து உட்காருவது 15 முறை, சுவர் தண்டால் 15 முறை, மூன்று சுற்று.

எடையில் 5 முதல் 10 சதவீதம் குறைந்தால் ட்ரைகிளிசரைடு சுமார் 20 சதவீதம் இறங்கும். 80 கிலோ இருப்பவருக்கு இது 4 முதல் 8 கிலோ. பி.எம்.ஐ. 23-லிருந்தே நமக்கு அதிக எடை என்று கணக்கு.

புகையை நிறுத்துவதற்கு இணையான மருந்து இல்லை. குறைத்துக்கொள்வது போதாது, நாளுக்கு ஒன்றிரண்டு பீடிகூட அபாயத்தைக் கணிசமாக ஏற்றும்.

ஏழாம் படி: மாத்திரை

ஸ்டாடின் யாருக்கு உடனே வேண்டும்: மாரடைப்பு அல்லது பக்கவாதம் வந்தவர், எல்.டி.எல். 190-க்கு மேல் உள்ளவர், 40 வயதைக் கடந்த சர்க்கரை நோயாளி, அட்டவணையில் அதிக அபாயம் காட்டுபவர். இவர்கள் 'மூன்று மாதம் உணவில் பார்க்கிறேன்' என்று தள்ளிப்போடவேண்டாம், இரண்டையும் சேர்த்தே தொடங்கவேண்டும். மற்றவர்கள் மூன்று மாதம் மேலே சொன்னவற்றைச் செய்துவிட்டு மறுபடி பரிசோதித்து, மருத்துவரோடு பேசி முடிவெடுக்கலாம்.

அட்டோர்வாஸ்டாடின் 10 மில்லிகிராம் எல்.டி.எல்.லை ஏறத்தாழ 35 முதல் 40 சதவீதம் குறைக்கும், ரோசுவாஸ்டாடின் 10 மில்லிகிராம் 45 அளவில். அளவை இரட்டிப்பாக்கினால் கூடுதலாக 6 சதவீதம்தான் இறங்கும். அதனால்தான் 80 வரை ஏற்றுவதற்குப் பதில் எசெட்டிமைப் 10 மில்லிகிராம் சேர்க்கிறார்கள். அது தனியாக 20 சதவீதம் வரை குறைக்கும். எல்.டி.எல். 39 மில்லிகிராம் இறங்கும் ஒவ்வொரு முறையும் பெரிய இதய, பக்கவாத நிகழ்வுகள் சுமார் ஐந்தில் ஒரு பங்கு குறைகின்றன. அட்டோர்வாஸ்டாடின், ரோசுவாஸ்டாடின் இரண்டையும் காலையிலோ இரவிலோ போடலாம், மறக்காத வேளையில் போடுவதே சரியான வேளை.

பயங்கள்: தசைவலி வரலாம், ஆனால் வலி என்று சொல்பவர்களில் பெரும்பாலோருக்கு வெற்று மாத்திரை கொடுத்தாலும் அதே வலி வருகிறது என்பதை 2020-இல் வெளியான சாம்சன் ஆய்வு காட்டியது. தொடையிலும் தோளிலும் இரண்டு பக்கமும் சமமாக வலித்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள், மருந்தை மாற்றலாம். சிறுநீர் கறுப்புக் காபி நிறத்தில் போனால் மட்டும் உடனே நிறுத்திவிட்டு மருத்துவமனைக்குப் போங்கள். சர்க்கரை சற்றே ஏறலாம், ஆனால் கிடைக்கும் பாதுகாப்பு அதைவிடப் பெரிது. கர்ப்பம் தரித்தாலோ தரிக்கத் திட்டமிட்டாலோ முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லவேண்டும். சளிக்குக் கிளாரித்ரோமைசின் எழுதினால் ஸ்டாடின் சாப்பிடுவதைச் சொல்லிவிடுங்கள். மருதம்பட்டைக் கஷாயம், பூண்டுப் பால் இவை ஸ்டாடினுக்கு மாற்று ஆகா. குடித்தே தீருவேன் என்பவர் மருத்துவரிடம் மறைக்காமலாவது இருக்கவேண்டும்.

ட்ரைகிளிசரைடு 500-ஐத் தாண்டினால் கவலை இதயத்தோடு நிற்காது. 1000-ஐ நெருங்க நெருங்க கணையம் வெந்துபோகும் ஆபத்து. அப்போது மது அறவே கூடாது, எண்ணெயும் சர்க்கரையும் உடனே குறையவேண்டும், ஃபீனோஃபைப்ரேட் போன்றவை தேவைப்படலாம்.

மருந்து தொடங்கி 4 முதல் 12 வாரத்துக்குள் மறுபரிசோதனை. இலக்கை எட்டிவிட்டால் பிறகு ஆண்டுக்கு ஒருமுறை. 'நார்மல் ஆகிவிட்டது, நிறுத்திவிட்டேன்' என்பது நாம் அதிகம் காணும் தவறு. நார்மலாக வைத்திருப்பதே அந்த மாத்திரைதான். நிறுத்திய சில வாரங்களில் பழைய எண்ணுக்கே ஏறிவிடும். சர்க்கரை, ரத்தஅழுத்த மாத்திரைகளை வீடு தேடித் தரும் மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்டில் தொடங்கியது. ஒப்பந்தப் பணியாளர்கள் தங்கள் ஊர்ச் சுகாதார நிலையத்தில் பதிந்துகொள்ளலாம்.

எட்டாம் படி: வலி வந்த நேரம்

நெஞ்சில் கல் வைத்ததுபோல அழுத்தம் 10 நிமிடத்துக்கு மேல், இடக்கை அல்லது தாடைக்குப் பரவல், குளிர்ந்த வியர்வை. பெண்களுக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கும் வெறும் மூச்சுத்திணறல், மேல்வயிற்று எரிச்சல், திடீர் சோர்வு என்று மட்டும் வரலாம். நம் பக்கத்தில் ஆளைக் கொல்வது 'வாய்வுதான், ஒரு சோடா குடி' என்ற வாக்கியம். சோடா வாங்க ஆள் அனுப்பும் நேரத்தில் 108-ஐ அழையுங்கள். நோயாளியைப் பைக்கில் நடுவில் உட்காரவைத்துக் கொண்டுபோகாதீர்கள், அவரையே வண்டி ஓட்டவும் விடாதீர்கள்.

தமிழ்நாட்டின் 'இதயம் காப்போம்' திட்டம் 2023-இல் தொடங்கியது. மாரடைப்பு அறிகுறியோடு வருபவருக்கு ஆரம்ப, துணைச் சுகாதார நிலையங்களிலேயே 14 மாத்திரைகள் ஒரே தவணையாகக் கொடுத்து மேல்மருத்துவமனைக்கு அனுப்புவார்கள்: 150 மில்லிகிராம் ஆஸ்பிரின் இரண்டு, 75 மில்லிகிராம் குளோப்பிடோக்ரெல் நான்கு, 10 மில்லிகிராம் அட்டோர்வாஸ்டாடின் எட்டு. மலைமேல் பணிபுரிபவருக்கு இது உயிர்ச் செய்தி. ஏற்காட்டிலிருந்து சேலம் இறங்க 20 கொண்டை ஊசி வளைவு, சுமார் 30 கிலோமீட்டர். விடுமுறை நாள் நெரிசலில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிடும். எனவே நேரே இறங்கத் தொடங்காமல், முதலில் ஏற்காட்டிலேயே இ.சி.ஜி.யும் முதல் தவணை மாத்திரையும் முடித்துக்கொண்டு, ஆம்புலன்ஸில் சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனைக்கோ இதய ஊடுருவல் (ஆஞ்சியோபிளாஸ்டி) வசதியுள்ள வேறு மருத்துவமனைக்கோ போவதே சரி. ஆஸ்பிரினை மென்று விழுங்கவேண்டும். ஒவ்வாமையோ ரத்தக்கசிவோ இருப்பவருக்குக் கூடாது.

ஆள் மயங்கி விழுந்து மூச்சில்லாமல் கிடந்தால் நெஞ்சின் நடுவில் நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, 5 முதல் 6 சென்டிமீட்டர் ஆழம் அமுக்குங்கள், ஆம்புலன்ஸ் வரும்வரை ஆள் மாற்றி ஆள். ஒவ்வொரு கட்டிடத்திலும் இரண்டு பேருக்காவது இதைப் பழக்கிவைத்து, அவர்கள் பெயரையும் கைபேசி எண்ணையும் காவலர் அறையிலும் லிஃப்ட் அருகிலும் ஒட்டிவைக்கவேண்டும். இரவுப் பணிக் காவலர்தான் அந்த நேரத்தில் வளாகத்தில் விழித்திருப்பவர். பயிற்சியை அவரிடமிருந்து தொடங்குங்கள்.